அங்கேயே இருந்த முள்

அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். இத்தனைக்கும் முதலில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அவள் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து, அவள் சிபாரிசில், அவள் கணவன் உள்ளே வந்தான். வந்தவன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போகிற ரகம். ஆறே மாதத்தில் அங்கிருந்த இளவட்டங்களுக்கெல்லாம் அண்ணன் ஆகிவிட்டான். அண்ணன் பெண்டாட்டி அண்ணிதானே. பத்து வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அவள் கற்றதெல்லாம் அந்த மூன்றெழுத்துக்குள் சுருண்டு படுத்துக்கொண்டது. மரியாதைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளும் ஆரம்பத்தில் சிரித்துவைத்தாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

அலுவலகத்தின் வேலை சிப் வடிவமைப்பது. அப்போது கையில் இருந்தது, காது மந்தமானவர்கள் காதுக்குள் வைத்துக்கொள்ளும் மெஷினுக்கான சிப். போனில் வருகிற பேச்சை நேராகக் காதுக்கு இழுத்துக்கொள்ள அதற்குள் ஒரு குட்டி ரேடியோ உண்டு. அந்த ரேடியோவின் நெஞ்சு ஆஸிலேட்டர். நொடிக்கு இருநூற்று நாற்பது கோடி தடவைக்கு மேல் ஆடுகிற சுற்று அது. ஆடுவது பெரிதல்ல, சுருதி பிசகாமல் ஆட வேண்டும். ரேடியோவுக்குச் சேனல்கள் பல, சேனல் மாற மாற ஆட்டத்தின் வேகமும் படிப்படியாக மாறும். அது கணவனின் பொறுப்பு. சுருதி நிற்பதற்காக அவனுடைய இன்னொரு சுற்று அந்த ஆட்டத்தை ஒரு கிரிஸ்டலின் மாறாத துடிப்போடு விடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இதற்கெல்லாம் மின்சாரம் கொடுப்பது அவள் பொறுப்பு. ஆஸிலேட்டர்காரர்கள் பெரிய மனிதர்கள், மாநாட்டு மேடையில் பேசுகிறவர்கள். மின்சாரம் கொடுக்கும் பிரிவுக்கு அலுவலகம் வைத்த பெயர் சமையல்கட்டு. வருவார்கள், தின்பார்கள், உப்பு குறைவு என்பார்கள், கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆஸிலேட்டர் ரொம்பச் சீக்காளி. கொடுக்கிற மின்சாரம் மயிரிழை நடுங்கினாலும் அதற்குச் சுருதி போய்விடும். அதனால் காலங்காலமாக அதற்கு ரெகுலேட்டர் என்ற ஒரு பழைய சுற்றைக் காவல் வைப்பார்கள். பேட்டரி தரும் அழுத்தத்தில் பாதிதான் ஆஸிலேட்டருக்குத் தேவை. மீதிப் பாதியை ரெகுலேட்டர் தன் உடம்பில் வாங்கிச் சூடாக்கி எரித்துவிட்டு, சலனமில்லாத மின்சாரத்தை நீட்டும். ஒருத்தர் அமைதியாக இருக்க வேண்டுமென்றால் இன்னொருத்தர் எரிந்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் தத்துவம். அவளுக்கு அந்தத் தத்துவம் பிடிக்கவில்லை. வீட்டில் அதைப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தாள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்று வருஷம் உட்கார்ந்து அவள் வேறொன்று செய்தாள், கன்வெர்ட்டர் என்று பெயர். மின்சாரத்தைக் குடம் மாதிரி பிடித்துவைக்கும் கெப்பாசிட்டர்களை வரிசையாக நிறுத்திப் பேட்டரியிலிருந்து நிரப்புவது, பிறகு பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஆஸிலேட்டருக்கு ஊற்றுவது. அழுத்தம் பாதியாகிவிடும், எரித்துத் தொலைப்பது அநேகமாக இருக்காது. ஆனால் நிரப்பி ஊற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு குலுக்கல் வரும். சீக்காளிக்குக் குலுக்கல் ஆகாது. ரேடியோ அலையை அளவுக் கருவியின் திரையில் பார்த்தால் நடுவில் ஒரு பெரிய கோபுரம் நிற்கும். குலுக்கல் இருந்தால் கோபுரத்துக்கு இரண்டு பக்கமும் முள் மாதிரி ஒல்லியாக இரண்டு கோடுகள் முளைக்கும். அந்த முள் ஒரு அளவுக்கு மேல் உயர்ந்தால் சிப் குப்பைக்கு.

அவள் குலுக்கலை ஆஸிலேட்டரின் தாளத்துக்கே கட்டிப்போட்டாள். ஆஸிலேட்டர் அறுபத்துநாலு தடவை ஆடினால் அவளுடைய கன்வெர்ட்டர் ஒரு தடவை மாறும். அதையும் பதினாறு சின்னத் துண்டுகளாக்கி, ஒன்று ஊற்றும்போது இன்னொன்று நிரப்பும்படி முறை வைத்தாள். ஆஸிலேட்டர் ஓடினால்தான் கன்வெர்ட்டருக்குத் தாளம், கன்வெர்ட்டர் ஓடினால்தான் ஆஸிலேட்டருக்குச் சாப்பாடு. முதலில் யார் எழுந்திருப்பது என்ற வம்புக்கு மட்டும் நாலு மாதம் போனது. அதையும் ஒரு கிளப்பிவிடும் சுற்று வைத்துத் தீர்த்தாள். கணக்குப்படி முள் இருக்கும், ஆனால் புல்லை விட்டுத் தலை நீட்டாது. திரையின் அடியில் ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும் இரைச்சலைத்தான் அவர்கள் புல் என்பார்கள். பேட்டரி மூன்று நாள் வருவது ஐந்து நாள் வரும்.

இந்த ஐந்து நாளுக்கு வீட்டில் ஒரு ஆள் காத்துக்கொண்டிருந்தார். அவள் மாமனார். அச்சகத்தில் முப்பது வருஷம் மெஷின் ஓட்டிக் காதைத் தொலைத்தவர். காது மெஷினின் பேட்டரி, சுண்டுவிரல் நகத்தளவு வில்லை, மூன்றாம் நாள் உயிரை விடும். அதனால் அவர் சிக்கனம் பிடிப்பார். டீவியில் விளம்பரம் வந்தால் கழற்றிவிடுவார். தெரிந்த கதையையே பேசுகிறவர்கள் வந்தால் கழற்றிவிடுவார். மகனும் மருமகளும் குரலை உயர்த்தினால் கண்டிப்பாகக் கழற்றிவிடுவார். பழைய மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு டக்கென்று மூடுவார். "பேட்டரி மிச்சம்மா" என்பார். கோபமே வராது அவருக்கு. வீட்டுக்கு யார் வந்தாலும், "என் மருமக எனக்குன்னே ஒண்ணு பண்றா. அஞ்சு நாள் வருமாம்" என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் கொடுப்பார். அவளுடைய வேலை என்ன என்று அந்த வீட்டில் சரியாகத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான்.

முதல் சிப் வந்தது. கணவனின் ஆட்கள் அளந்தார்கள். கோபுரத்துக்கு இரண்டு பக்கமும் முழங்கை உயரத்துக்கு முள்.

கூட்டம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. தலைமையில் மேலாளர். எதைக் கேட்டாலும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி அவருக்குப் பார்க்கலாம் சார் என்றே பெயராகிவிட்டது. அன்றைக்கு அவரும் பார்க்கலாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தார். சிப் வாங்குகிறவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முள்ளு எங்கேருந்து வருது?" என்றார்.

கணவன் திரையில் படத்தைக் காட்டினான். "கோபுரத்துலேருந்து இது எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு பாருங்க சார். ஆஸிலேட்டர் ஆட்டத்த அறுபத்துநாலால வகுத்தா என்ன வருமோ, கரெக்டா அவ்வளவு தூரம்."

அறையில் இருந்த அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. அறுபத்துநாலு அவளுடைய எண். அதை அவள்தான் தேர்ந்தெடுத்தாள், அவள்தான் மூன்று வருஷமாக எல்லோருக்கும் பாடமாகச் சொன்னாள். இப்போது அது எழுந்து நின்று அவளுக்கு எதிராகவே சாட்சி சொல்லிற்று.

"இடம் என்னோடதுதான்" என்றாள். "ஆனா இவ்வளவு உயரம் வரவே வராது. ஒரு வாரம் குடுங்க சார். வேற போர்டுல போட்டுப் பார்க்கிறேன்."

வெளியிலிருந்து தனி மின்சாரம் கொடுத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் யார் குற்றம் என்று தெரிந்திருக்கும். அதற்கென்று சிப்பில் ஒரு கால், வெளிக்கம்பி வந்து சேர்கிற ஒரு பின், கேட்டிருந்தாள். கடைசியாக மிச்சமிருந்த அந்த ஒரு காலை ஆஸிலேட்டர் பிரிவு எடுத்துக்கொண்டுவிட்டது. அதைச் சொல்லிக்காட்ட வாய்வரை வந்தது, கணவனை நாலு பேர் முன்னால் குத்திக்காட்டுவானேன் என்று மென்று விழுங்கினாள்.

"வாரமெல்லாம் எதுக்கு?" என்றான் கணவன், ரொம்ப ஆதரவாக. "நான் எல்லா சேனலும் பார்த்துட்டேன். எந்த சேனல்ல பார்த்தாலும் முள்ளு அங்கயேதான் இருக்கு."

கூட்டக் குறிப்பு எழுதுகிற பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அண்ணியின் காதிலோ 'இருக்கு' என்பதுதான் விழுந்தது. எல்லா சேனலிலும் இருக்கிறது, அப்படியானால் இனிப் பேச்சில்லை. ஒருவேளை துண்டுகளின் முறை பிசகியிருக்கும், எங்கோ ஒரு கம்பி நீளம் கூடியிருக்கும், தன் கணக்குதான் தப்பு என்று அப்போதே ஒப்புக்கொண்டுவிட்டாள். அவளுடைய யோக்கியதையே அவளுக்கு வினையாயிற்று.

பார்க்கலாம் சாருக்கு வேண்டியது ஒரு காரணமும் ஒரு கையெழுத்தும். ஆபத்துக்கு உதவும் என்று பழைய ரெகுலேட்டரையும் சிப்பின் ஒரு ஓரத்தில் இணைக்காமல் வைத்திருந்தார்கள். மேலடுக்குக் கம்பிகளை மட்டும் மாற்றினால் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு ரெகுலேட்டரை மாட்டிவிடலாம். மாற்றுப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'கன்வெர்ட்டரின் குலுக்கல்' என்று அவள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்தபோது இளவட்டம் ஒருவன் ஓடிவந்து, "அண்ணி, உங்களுக்குப் பெரிய மனசு" என்றான். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அன்று சாயங்காலம் மாமனாரிடம் சொன்னாள். "இந்தத் தடவை அஞ்சு நாள் வராது மாமா. நான் பண்ணதுல கோளாறு."

"உன்னோடதுல எப்படிம்மா கோளாறு வரும்?" என்றார் அவர். கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மாதம் கழித்துத் திருத்திய சிப் வந்தது. முள் இல்லை. கோபுரம் ஒற்றையாக, துடைத்து வைத்த மாதிரி நின்றது. கணவனை ரேடியோ பிரிவுக்கே தலைவனாக்கினார்கள். கேக் வெட்டினார்கள். அண்ணியும் வந்து நில்லுங்க என்று இழுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவளும் நின்றாள், கேக்கும் தின்றாள். தன் குழந்தையைப் புதைத்த இடத்தில் நின்று கேக் தின்கிறோம் என்று தோன்றியது. தோன்றியதை விழுங்க கேக் உதவியது.

அடுத்த வாரம் பரிசோதனைக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். கூப்பிட்டது லேப் அக்கா. அளவுக் கருவிகளைப் பதினெட்டு வருஷமாகப் பெற்ற பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொள்பவள். அந்த அலுவலகத்தில் அவளை அண்ணி என்று கூப்பிடாத ஒரே ஜீவன்.

"பவர் மேடம், பழைய மெஷின சர்வீசுக்கு அனுப்பறாங்க. உள்ள இருக்கற படத்தையெல்லாம் அழிக்கச் சொல்றாங்க. உங்க சிப் படம் கொஞ்சம் கிடக்கு. வேணும்னா எடுத்துக்குங்க."

ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் போனாள். கருவியின் நினைவில் தேதிவாரியாகப் படங்கள் இருந்தன. கூட்டத்தில் காட்டிய படமும் இருந்தது. அதற்கு அடுத்தாற்போல இன்னொன்று, கூட்டத்துக்கு இரண்டு நாள் முந்தைய தேதி, காலை பதினொன்று பத்து. கூட்டத்தில் காட்டியது பன்னிரண்டாம் சேனல். இது நாற்பத்திரண்டாம் சேனல்.

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள். கோபுரம் முப்பது படி தள்ளிப் போயிருந்தது. கோபுரத்துக்கும் முள்ளுக்கும் இடையிலிருந்த தூரம் மட்டும் நூலளவும் மாறவில்லை.

ஆட்டம் மாறினால் அதை அறுபத்துநாலால் வகுத்து வருவதும் மாற வேண்டும். அவளுடைய முள் என்றால் நகர்ந்தே தீர வேண்டும், அது நகராமல் இருக்க வழியே கிடையாது. நகராத துடிப்பு அந்தச் சிப்பில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, கணவனின் கிரிஸ்டல். பன்னிரண்டாம் சேனலில் ஆஸிலேட்டரின் ஆட்டம் கிரிஸ்டலின் துடிப்பைப்போலக் கச்சிதமாக அறுபத்துநாலு மடங்கு. அந்த ஒரு சேனலில் மட்டும் அவள் முள்ளும் அவன் முள்ளும் ஒரே நாற்காலியில் உட்காரும். அளப்பதற்குச் சுத்தமான சேனல் என்று எல்லோரும் எப்போதும் அங்கேதான் அளப்பார்கள், அவளும் அப்படித்தான்.

திரையில் இன்னும் நெருங்கிப் பார்த்தாள். நாற்பத்திரண்டாம் சேனல் படத்தில், நகராத அந்த உயரமான முள்ளுக்குப் பக்கத்தில், நகர வேண்டிய தூரம் சரியாக நகர்ந்து, புல்லுக்குள் முக்கால்வாசி மறைந்து ஒரு குட்டி முள் நின்றது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் தாளில் எழுதிய அதே உயரம். அவளுடையது அதுதான். ஒரு குற்றமும் செய்யாமல் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தது.

"அங்கயேதான் இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"என்ன மேடம்?" என்றாள் லேப் அக்கா.

"இந்தப் படம் யார் எடுத்தது?"

லேப் அக்கா தேதியைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள். "உங்க வீட்டு சார்தான். அன்னிக்கு என்னை டீ குடிச்சிட்டு வரச் சொன்னார். என்கிட்ட அவர் அப்படி அக்கறையா ஒரு வார்த்தை சொன்னதேயில்லையா, அதான் ஞாபகமிருக்கு."

அவள் இருக்கைக்குத் திரும்பி, திருத்திய சிப்பின் மாற்றப் பட்டியலை எடுத்தாள். முதல் வரி அவள் கையெழுத்துப் போட்டது. பதினேழாவது வரி, 'சிப்மேல் பொறித்த பெயர் எழுத்துகள் திருத்தம்', போட்டவன் கணவன். வரைபடத்தைத் திறந்தாள். எழுத்து எதுவும் திருத்தப்படவில்லை. கிரிஸ்டல் கம்பி ஆஸிலேட்டரை உரசிக்கொண்டு போன இடத்தில், அதே மேலடுக்கில், கம்பியைத் தூக்கி ஒதுக்குப்புறமாகப் போட்டிருந்தான். நடுவே ஒரு தடுப்பும் வைத்திருந்தான். நல்ல வேலை, அதில் குறை சொல்ல முடியாது. அவளுடையதைப் பிடுங்கிய அதே தடவையில் தன்னுடையதைச் சத்தமில்லாமல் சரி செய்துகொண்டான். முள் போய்விட்டது. எதனால் போயிற்று என்று இனி எந்தச் சிப்பும் சொல்லாது.

மறுநாள் காலை அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது இரண்டு படங்களையும் மேஜைமேல் வைத்தாள். மாமனார் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அவன் படத்தைப் பார்த்தான். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"லேப் அக்காவுக்கு வேற வேலையில்ல" என்றான்.

"கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சே பொய் சொன்னீங்க."

"பொய் சொல்லலையே." அவன் நிஜமாகவே அவளை நிமிர்ந்து பார்த்தான். "எந்த சேனல்ல பார்த்தாலும் அங்கயேதான் இருக்குன்னு உன் முன்னாடிதானே சொன்னேன். அங்கயே இருந்தா யாரோடதுன்னு உனக்குத் தெரியாதா? நீ பிடிச்சிடுவேன்னு நினைச்சுத்தான் சொன்னேன். நீ கவனிக்கல. அதுக்கு நான் என்ன பண்றது?"

இதைக் கேட்டுவிட்டு நின்றாளே, அதுதான் பெரிய விஷயம். மேஜையில் இஸ்திரிப்பெட்டி வேறு சூடாக இருந்தது.

"மூணு வருஷம்" என்றாள். குரல் உயர்ந்தது. "என் மூணு வருஷத்த எடுத்து உங்க ஓட்டைய அடைச்சிருக்கீங்க."

கூடத்தில் மாத்திரை டப்பா டக்கென்று மூடுகிற சத்தம் கேட்டது.

"கத்தாத" என்றான். "நிதானமா யோசி. சிப்ப மறுபடி போடணும்னா யார் பேர்லயாவது எழுதித்தான் ஆகணும். என் பேர்ல எழுதியிருந்தா என் குரூப்பையே கலைச்சிருப்பாங்க, எட்டு பேர். உன் பேர்ல எழுதினா நம்ம வீட்டுக்குள்ளயே முடிஞ்சிடும். யாருக்காகப் பண்ணேன்? பதவி வந்தது யாருக்கு, நம்ம வீட்டுக்குத்தானே? அடுத்த சிப்ல உன்னோடத நானே வைக்கச் சொல்றேன்."

அவன் அதை நம்பித்தான் சொன்னான். அவளுக்கு வயிற்றெரிச்சலே அதில்தான். வஞ்சகன் என்றால் வைதுவிட்டுப் போகலாம். இவன் ஏதோ அலமாரியில் அவள் தட்டிலிருந்த துணியை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்ட மாதிரி பேசினான்.

அவள் அன்றைக்கே பார்க்கலாம் சாரிடம் போனாள். இரண்டு படம், பதினேழாவது வரி, கூட்டக் குறிப்பில் 'எந்த சேனலிலும் அங்கேயே' என்ற வாக்கியம், எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்தாள். அவர் சிப் தொழிலில் தலை நரைத்தவர். இரண்டே நிமிஷத்தில் புரிந்துகொண்டார். புரிந்தது முகத்தில் தெரிந்தது. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உட்காரும்மா" என்றார். அதுவரை அவளை அம்மா போட்டுப் பேசியதில்லை. "வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

"சார், இது கிரிஸ்டல் முள்ளு. கன்வெர்ட்டர் முள்ளு இல்ல."

"எனக்குத் தெரியுதும்மா. ஆனா வெளிய இருந்து பார்த்தா எப்படித் தெரியும்? அவருக்குப் பதவி வந்திருக்கு, அடுத்த வாரமே நீ படத்தத் தூக்கிட்டு வர்ற. புருஷன் பொண்டாட்டி சண்டைன்னுதானே சொல்லுவாங்க. வாங்கறவங்க சிப்ப ஓகே பண்ணிட்டாங்க. லட்சக்கணக்குல அச்சாகிட்டு இருக்கு. படிவத்துல கையெழுத்து வேற உன்னோடது. குடும்ப விஷயத்த ஆபீசுக்குக் கொண்டு வரவேணாம். நீங்க ரெண்டு பேரும் வீட்ல பேசித் தீர்த்துக்குங்க."

"என் கன்வெர்ட்டர் சார்?"

"அடுத்த சிப்ல பார்க்கலாம்."

வெளியே வந்தபோது இளவட்டங்கள் இரண்டு பேர் வழிவிட்டு நின்றார்கள். "என்ன அண்ணி, டல்லா இருக்கீங்க?" என்றான் ஒருத்தன். ஒரு பொறியாளர் இன்னொரு பொறியாளர்மேல் கொடுத்த புகார் அது. அண்ணன்மேல் அண்ணி கொடுத்தாள் என்றால் அது புகாராகவே எண்ணப்படாது என்பது அவளுக்கு அந்த நடையில் நிற்கும்போதுதான் உறைத்தது.

இரண்டு மாதம் போயிற்று. புதுச் சிப் போட்ட காது மெஷின்கள் கடைக்கு வந்தன. முதல் பெட்டியிலிருந்து ஒன்றைக் கணவன் வாங்கி வந்து அப்பாவுக்குக் கொடுத்தான். "உங்க பையன் பண்ணதுப்பா" என்று சொல்லி அவனே காதில் மாட்டிவிட்டான். மாமனார் அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிப்பின் ஒரு மூலையில், கம்பி அறுபட்டு, ஒரு துளி மின்சாரம் போகாமல் அவளுடைய கன்வெர்ட்டர் பதினாறு துண்டோடும் படுத்துக் கிடப்பது அவளுக்கு மட்டும் தெரியும். எடுத்தெறிந்தால் எல்லா அடுக்கையும் மாற்ற வேண்டும், வீண் வேலை என்று விட்டுவைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கணவன் வெளியே போயிருந்தான். மாமனார் காதைத் தட்டிக்கொண்டே கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, புதுசுன்னான். இதுவும் மூணு நாள்லயே படுத்துடுச்சே."

அவள் சொன்னாள். பேட்டரி தீர்ந்த மனுஷர் முன்னால் தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். அறுபத்துநாலையும் பன்னிரண்டாம் சேனலையும் சொன்னாள், அங்கயேதான் இருக்கு என்றதைச் சொன்னாள், பதினேழாவது வரியைச் சொன்னாள். அழுகை வந்தபோது அழுதாள். அவர் காது கேட்காதவர்கள் பேச்சுக்கு ஆட்டுகிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இடையில் ஒரு தடவை, "ஆமாமா" என்றும் சொன்னார்.

முடித்துவிட்டு எழுந்துபோய் அலமாரியிலிருந்து புது வில்லை எடுத்து வந்து மாற்றி, அவர் காதில் மாட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கி, சத்தம் உள்ளே வருகிறதா என்று பார்த்தார்.

"ஆங், இப்பக் கேக்குது. என்னம்மா சொல்லிட்டிருந்த? ஏன் அழுதே?"

வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. கணவன் கையில் பையோடு உள்ளே வந்து, செருப்பைக் கழற்றினான். இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான். ஒன்றுமில்லை மாமா, பேட்டரி மாத்தணும்னு சொன்னேன் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போயிருக்கலாம். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் போனாள்.

"மாமா, அஞ்சு நாள் வர்ற மாதிரி நான் பண்ணது சரியாத்தான் இருந்தது" என்றாள், ஒவ்வொரு சொல்லாக. "கோளாறு உங்க பையனோடது. அது அவருக்குத் தெரியும். தெரிஞ்சே என் பேர்ல எழுத வச்சிட்டார். என்னோடத அறுத்துவிட்டுட்டார். அதனாலதான் உங்களுக்கு மூணு நாள்."

மாமனாருக்குக் கேட்டது. கேட்டது என்று அவளுக்கும் தெரிந்தது, வாசலில் நின்றவனுக்கும் தெரிந்தது. அவர் மகனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மகன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

பிறகு அவர் மருமகள் பக்கம் திரும்பினார். அந்த வீட்டில் அவள் வேலையைத் தெரிந்த ஒரே மனுஷர். ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

அவர் காதுக்குக் கையைக் கொண்டுபோய் மெஷினை மெல்லக் கழற்றினார்.

"மூணு நாள்தானேம்மா வருது" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "மிச்சம் பிடிக்கணும்."

மாத்திரை டப்பாவில் போட்டு மூடினார். பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.